துரை பேரில் வாங்கிய மாத்திரை

துரையின் டிரெய்லர் எங்கே நிற்கிறது என்று யாரைக் கேட்டாலும் "முன்னாடி" என்றார்கள். அந்த முன்னாடியைத் தேடி ரமாபாய் ஒரு மணி நேரமாக நடந்துகொண்டிருந்தாள். திருவொற்றியூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி எட்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள், நடுவில் கத்திரி வெயிலில் இவள். கட்டிய புருஷனை லாரி லாரியாகத் தேடும் பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

கையிலிருந்த கட்டைப்பையில் ஒரு பைல் இருந்தது. அவள் தம்பி பாரிக்கு அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து வைப்பதற்கான காகிதங்கள் எல்லாம் அதற்குள். எல்லாம் என்று சொல்ல முடியாது, இரண்டு குறைந்தன. ஒன்று துரையின் ரத்தப் பரிசோதனை முடிவு, இன்னொன்று துரையின் கையெழுத்து. இன்றைக்கு புதன். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கிற ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த கமிட்டி ஒரு மாதம் கழித்து. பாரி ஒரு மாதம் தாங்குவானா என்று கேட்டதற்கு டாக்டர் "பார்ப்போம்" என்றார். டாக்டர்கள் "பார்ப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பாரிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஐந்து வருஷம். துறைமுகத்தில் கப்பல்மீது அடுக்கிய கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலையில் இருந்தவன். எலும்பும் தோலுமாக வியாசர்பாடியில் ஒரு நண்பன் அறையில் கிடந்தவனை ரமாபாய்தான் தன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்தாள். 2004-இல் அரசாங்கம் மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாள். மாத்திரை வேலை செய்தது. உடம்பு தேறியது, வாய் அதைவிட வேகமாகத் தேறியது. இனிப் பிழைத்துக்கொள்வான் என்று மூச்சு விட்ட நேரத்தில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

அதற்கப்புறம் ஆறு ஆஸ்பத்திரி. ஓர் இடத்தில் டயாலிசிஸ் மெஷினை இவனுக்குப் போட்டால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்றார்கள். ஓர் இடத்தில் பெரிய டாக்டர் லீவு. அவர் லீவு முடிந்து வந்ததும் சின்ன டாக்டர் லீவு. ஆறாவது இடத்தில் ஒரு டாக்டர் அவளை உட்காரக்கூடச் சொல்லாமல், "இந்த மாதிரி கேசுக்கு நல்ல கிட்னியை வைக்கறது வேஸ்ட்மா" என்றார்.

"கிட்னி என்னுது சார். வேஸ்ட்டானா எனக்குத்தான ஆவும், உங்களுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஏழாவதாக ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கேதான் மூலையில் ஒரு மெஷினைப் பாரிக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார்கள். மூன்று வருஷமாக ரத்தத்தில் கிருமி கண்ணில் படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி எண்ணிக்கை நானூறைத் தாண்டியிருக்கிறது, இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஏற்கெனவே செய்திருக்கிறோம், இவருக்கும் செய்யலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். ரமாபாயின் ரத்தம் பொருந்தியது. வடசென்னை விலாசத்தைப் பார்த்துவிட்டு, இவள் நிஜமாகவே அக்காதானா, காசுக்குக் கிட்னி விற்க வந்தவளா என்று கொஞ்ச நாள் நோண்டினார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இந்தக் காகிதங்களைப் பார்க்கிற வேதமாணிக்கம், பாரி மாத்திரை வாங்கும் புத்தகத்தைத் திறந்தார்.

"அம்மா, இதுல துரைன்னு போட்டிருக்கே?"

"அது பாரிதான் சார். பேரு மட்டும் மாறிப்பூடுச்சி."

"துரைங்கறது யாரு?"

"என் வூட்டுக்காரரு."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப இந்தப் புத்தகத்துப்படி எச்.ஐ.வி. இருக்கறது உங்க வீட்டுக்காரருக்கு. நீங்க அவர் மனைவி. இன்னைக்கு உங்க ரத்தத்துல ஒண்ணுமில்லன்னாலும் நாளைக்கு இருக்காதுன்னு யார் சொல்றது? உங்ககிட்ட எப்படிம்மா கிட்னி எடுக்கறது? பாரி மருந்து ஒழுங்கா சாப்பிட்டார்னு காட்டறதுக்கும் பாரி பேர்ல ஒரு துண்டுக் காகிதம் இல்ல."

நடந்தது இவ்வளவுதான். மாத்திரை கொடுத்த இடத்தில் விலாசத்துக்கு ஏதாவது ஒரு சான்று கேட்டார்கள். பாரிக்கு ஏது கார்டு? ரமாபாய் தன் ரேஷன் கார்டு ஜெராக்ஸை நீட்டினாள். எழுதுகிறவர் குடும்பத் தலைவர் பேரைப் பார்த்துவிட்டு, "துரை?" என்றார். பாரி தலையாட்டினான். ரமாபாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். 'இல்லை சார், இவன் பாரி' என்று சொல்ல அரை நொடி போதும். அவள் சொல்லவில்லை. புளியந்தோப்பு பிளாக்கில் பாரி என்றால் ஒரே பாரிதான். துரை என்றால் மூன்று பேர் இருந்தார்கள். தெரிந்தவர் யாராவது அந்த நோட்டைப் பார்த்தாலும் எந்தத் துரையோ என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். புத்தகத்தில் போட்டோ ஒட்டுகிற கட்டமும் காலியாகவே இருந்தது. அப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது.

பாரிக்கே அது பிடிக்கவில்லை. "எத்தினி நாளுக்குக்கா நான் துரையா இருக்கறது? ரெண்டு தபா கூப்ட்டாதான் எனக்கு காதுல ஏறுது. உண்மைய சொல்லிடு, நீ கூச்சப்பட்டா நானே மொட்டைமாடில நின்னு கத்தறேன்" என்பான். அவள்தான் வாயை மூடு என்பாள்.

இப்போது அதைச் சரிசெய்ய வேதமாணிக்கம் வழி சொன்னார். இத்தனை வருஷம் வந்து மாத்திரை வாங்கினவன் பாரிதான் என்று அந்த மையத்து டாக்டர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். துரை தன் சொந்தப் பேரில் ரத்தம் சோதித்து, புத்தகத்தில் உள்ள துரை தான் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் கடிதத்துக்கு ரமாபாய் நான்கு தடவை அலைந்தாள். தண்டையார்பேட்டையில் அவள் எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குச் செக்கிங் பார்க்கிற கம்பெனியில் இனி லீவு கேட்டால் வரவே வேண்டாம் என்றார்கள். ஆனாலும் கடிதம் வந்துவிட்டது. வெளியாட்களெல்லாம் வழிக்கு வந்தார்கள். வீட்டு ஆள்தான் வரவில்லை.

விஷயத்தைச் சொன்ன அன்றைக்குத் துரை, "என் பேர்லயா? என் பேர்லயா எய்ட்ஸ் மாத்திர வாங்கிகினு கீறீங்க?" என்று போட்ட சத்தம் அடுத்த பிளாக் வரைக்கும் கேட்டது. அப்புறம் அடங்கினான். அடங்கிய பிறகு, "சரி, நாளிக்கு வரேன்" என்றான். அந்த நாளைக்குத்தான் மூன்று வாரமாக வரவில்லை. லோடு என்றான், டயர் என்றான், ஒருநாள் அமாவாசை என்றான். புத்தருக்கு விளக்கேற்றுகிற வீட்டில் இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அமாவாசை என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன் பேர் கெட்டுப்போன கோபத்தில் வீம்பு பிடிக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள்.

கடைசியில் ஒரு வண்டிக்குப் பக்கத்தில் அவனைக் கண்டுபிடித்தாள். சைடு மிர்ரரில் முகம் பார்த்து சாவகாசமாக சவரம் செய்துகொண்டிருந்தான்.

"இன்னாமே, இங்க வந்துகீற?"

"நீ வூட்டுக்கு வரல. அதான் வூடு இங்க வந்துகீது. கெளம்பு, டெஸ்ட்டுக்குப் போவணும்."

"வண்டிய வுட்டுட்டா? மூணு நாளா நிக்கறேன்மே. க்யூ நகரசொல்ல ஆளு இல்லன்னா பின்னாடி கீறவன்லாம் பூந்துகினு போயிடுவான். அப்பால நான் வால்ல போய் நிக்கணும்."

அது பொய்யில்லை. அந்த வரிசையில் ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு யாரும் இரக்கம் காட்டுவதில்லை. ஆனால் வேறொரு வழக்கமும் அங்கே உண்டு. முன்னும் பின்னும் நிற்கிற இரண்டு பேர் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஒருவன் தூங்கும்போது மற்றவன் இரண்டு வண்டியையும் நகர்த்துவான். துரைக்கு ஜோடி, பின் வண்டி அமீருதீன். அவர் சாலையோரத்தில் ஸ்டவ் வைத்துப் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இவரு வண்டிய இன்னிக்கு நீங்க நகத்துவீங்களா?" என்று ரமாபாய் நேராக அவரிடமே கேட்டாள்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா தங்கச்சி? ராவெல்லாம் இவன் கொறட்ட வுடசொல்ல யாரு நகத்துனது? நீ போ மாமு."

துரை அவரை முறைத்தான். கிளட்ச் கொஞ்சம் தகராறு பண்ணும் என்றான். அமீருதீன் இந்தக் கிளட்சை நேற்றுப் பதினோரு தடவை மிதித்திருப்பதாகச் சொன்னார். சட்டை கலீஜாக இருக்கிறது என்றான். ரமாபாய் பையிலிருந்து துவைத்த சட்டையை எடுத்து நீட்டினாள். சவரம் பாதியில் நிற்கிறது என்றான்.

"யோவ்!" என்று அவள் போட்ட கூச்சலில் முன்னால் நின்ற மூன்று வண்டிக்காரர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். "இன்னாயா உனக்கு? ஒரு பேரு, அந்தப் பேர வெச்சிகினு அவன் உசுரோட கீறான். அதுக்கு இத்தினி வீம்பா? நாளிக்கு அவன் செத்தா அந்தப் பேர கழுவி வூட்ல மாட்டி வெச்சிக்கறியா?"

துரை அவள் கையைப் பிடித்து வண்டியின் மறுபக்கத்துக்கு, கடலோரமாகக் கூட்டிக்கொண்டு போனான். பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்து கிடந்தது.

"பேருக்கு இல்லமே. எனக்கு மெர்சலா கீது."

"ஊசிக்கா?"

"ரிசல்ட்டுக்கு." அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முன்னாடி வைசாக் லைன் ஓட்டுனேன்ல. அப்போ ரெண்டு தபா போய்க்கீறேன். இல்ல, மூணு தபா."

எங்கே போனான் என்று அவள் கேட்கவில்லை. வைசாக் லைன் விட்டு ஏழு வருஷம். ஏழு வருஷம் இந்த ஆள் இதை உள்ளே வைத்துக்கொண்டு, பாரி குடித்த டம்ளரைத் தனியாக வை என்று இவளிடம் சத்தம் போட்டிருக்கிறான். அவள் ரத்தத்தை மூன்று தடவை எடுத்து ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், அது ஒரு நிம்மதி. ஆனால் இவனுக்கு இல்லை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாதாம்; அதையும் அந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எல்லாவற்றையும் விட, இதைக் கேட்டு அழவோ சண்டை போடவோகூட இன்றைக்கு நேரமில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சோதனை மையத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

"இதுக்கு உன்னாண்ட தனியா ஒருநாள் பேசிக்கறேன். இப்ப மூஞ்ச கழுவு" என்றாள்.

கல்மண்டபத்துச் சோதனை மையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனார்கள். நாற்பது அடி டிரெய்லரை முட்டுச்சந்தில் திருப்புகிற ஆள், இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து ரமாபாய்க்கு எரிச்சல் வந்தது.

சோதனை மையத்து வராண்டாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்கள் பிளாக்கில் கீழ் வீட்டுக் காத்தூன் பீவியும் அங்கே சளிச் சோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். வரிசை நகர்ந்து மேஜைக்கு முன்னால் போனதும், நோட்டைப் பார்த்தபடியே எழுதுகிறவர் கேட்டார்.

"பேரு?"

"பாரி" என்றான் துரை.

ரமாபாய்க்கு முதலில் காதில் விழுந்தது நிஜமா என்றே தெரியவில்லை. எழுதுகிறவர் பேனாவை நோட்டில் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். துரை குனிந்து அவள் காதோரம், "அவன் மட்டும் என் பேர வெச்சிக்கினான்ல? ஒருநாள் நான் அவன் பேர வெச்சிக்கினா இன்னா?" என்று முணுமுணுத்தான்.

அதே மாதிரி மேஜை, அதே மாதிரி நோட்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி பக்கத்தில் நின்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பாரி என்று இங்கே எழுதிவிட்டால் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை போய்விடும். காத்தூன் பீவி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், அந்தப் பேர அடிங்க. அவரு பேரு துரை" என்றாள் ரமாபாய். மெல்லச் சொல்லத்தான் வாயெடுத்தாள். மூன்று வாரமும் நான்கு வருஷமும் சேர்ந்து குரலைத் தூக்கிவிட்டன. "பாரி என் தம்பி. அவனுக்குத்தான் எச்.ஐ.வி. கீது. இவரு பேர்ல மாத்திர சாப்ட்டுகினு கீறான். கிட்னி ரெண்டும் பூடுச்சி, நான் ஒண்ணு குடுக்கப்போறேன். நான்தான் அப்பவே வாயத் தொறக்காம இருந்துட்டேன். அதனால துரைன்னு எழுதுங்க சார். அப்பா பேரு ஆறுமுகநயினார். அதையும் சேத்து எழுதுங்க."

எழுதுகிறவர் முதல் பேரை அடித்துவிட்டு, மேலே துரை என்று எழுதினார். "வயசு?" என்றார்.

"முப்பத்தொம்போது" என்றான் துரை, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பையன் மாதிரி.

ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெஞ்சில் இடமில்லை. காத்தூன் பீவி நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டுத் தட்டிக் காட்டினார். ரமாபாய் உட்கார்ந்தாள். இனி பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும் என்றிருந்தது. காத்தூன் பீவி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். அப்புறம் தாழ்ந்த குரலில், "எந்தப் பக்கத்து கிட்னிமா எடுப்பாங்க?" என்று கேட்டார்.

"எடதுன்னு சொல்லிக்கீறாங்க."

"ஆப்ரேசன் முடிஞ்சி வூட்டுக்கு வந்தப்பால கொடத்த வலது பக்கமா கூட தூக்காத. தண்ணி நான் புடிச்சி வெக்கறேன்."

அதுவரை வராத அழுகை அப்போது வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் துரையை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன் கையில் ஒரு காகிதம். "இல்லியாம்" என்றான். வராண்டாப் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். ரமாபாய்க்கும் மூச்சு வந்தது. வந்த மூச்சோடு மறுபடியும் கோபம் வந்தது. இந்த ஒரு மணி நேர வேலைக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் பாரியை ஆறு தடவை மெஷினில் போட்டார்கள். ஒரு தடவை மூச்சுத் திணறி, அவளையே யாரென்று தெரியாமல் பார்த்தான்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "பிரியாணி வாங்கிகினு வூட்டுக்குப் போலாமா?"

"மொதல்ல கையெழுத்து" என்றாள்.

டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. வேதமாணிக்கம் கடிதத்தைப் பார்த்தார், ரத்த முடிவைப் பார்த்தார், ரமாபாயிடம் அசல் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார், துரையை எதிரிலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். துரை பேனாவை அழுத்திப் பிடித்து மூன்று இடத்தில் போட்டான். வேதமாணிக்கம் பைலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டினார். ரமாபாய் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனிச் சட்டையில் தையல் பிரிந்த இடத்தைத் தேடுகிற அதே பார்வை.

"இதுல இன்னும் எதுனா கொற கீதா சார்?"

"இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூணு பேரும் வந்துடுங்க."

"இன்னொரு தபா சொல்லுங்க சார்."

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்று அவர் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்.

புதன்கிழமை பாரியின் டயாலிசிஸ் நாள். மூலை மெஷினுக்குப் பக்கத்தில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்கக்கூடாதென்பதால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். துரை இத்தனை மாதத்தில் இந்த அறைக்குள் வந்ததில்லை. சிவப்பாக ஓடுகிற குழாயைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"வா மாமா" என்றான் பாரி. "உன் பேர்ல இத்தினி மாத்திர முழுங்கிக்கீறேன். உனுக்கு ஒடம்பு நல்லா கீதா?"

துரை கிட்டே வந்து நின்றான். பாரியின் காலருகே விலகியிருந்த போர்வையை இழுத்து விட்டான். டெஸ்ட் முடிந்தது, ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கீழ் வீட்டுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் ரமாபாய் ஒரே மூச்சில் சொன்னாள்.

"மாமா சொம்மா வந்துட்டாரா? நம்ப முடியலியே. அங்க பேரு கேட்டிருப்பாங்களே, இன்னா சொன்னாரு?"

ரமாபாய் துரையைப் பார்த்தாள். துரை கூரையைப் பார்த்தான்.

"உன் பேர சொன்னாரு" என்றாள்.

பாரிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் ஐஸ் துண்டு வெளியே வந்து விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கையும் சேர்ந்து ஆடியதில் மெஷின் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சிரிக்கக்கூடாது என்றிருந்த ரமாபாயும் சிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி ஓடி வந்து, மெஷினில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, "யாரு இங்க பாரி?" என்று அதட்டினாள்.

துரை சட்டென்று ஒரு அடி பின்னால் போனான். ரமாபாய் வாயைத் திறந்தாள். அதற்குள் பாரி, ஊசி குத்தாத கையை உயரத் தூக்கினான்.

"நான்தான் சிஸ்டர்" என்றான். "நான்தான் பாரி."